ஈகையா? உரிமையா?

பாகூரானாலும் வில்லியனூரானாலும், திங்கள் பிறந்ததும் வங்கி வாயிலில் இருவகை முதியோரைக் காணலாம். ஒரு சாரார், எழுத்தராக, ஆசிரியராக, காவலராக அரசுப் பணி ஆற்றி ஓய்ந்தவர்கள். மற்றொரு சாரார், நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, முதுகு வளைந்து ஓய்ந்தவர்கள். முன்னவர் வாங்குவதற்கு ஓய்வூதியம் என்று பெயர். பின்னவர் வாங்குவதற்கு உதவித்தொகை என்று பெயர். இரண்டும் பணந்தான். இரண்டும் மக்களின் வரியிலிருந்து வருவனதாம். இரண்டும் தளர்ந்த காலத்து ஊன்றுகோல்கள்தாம். ஆயினும் ஒன்றின் பெயருக்குள் ஊதியம் இருக்கிறது. மற்றொன்றின் பெயருக்குள் உதவி இருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. சொல்லில்தான் சூழ்ச்சியே இருக்கிறது என்போம் நாம். ஊதியம், உழைத்தவர் கேட்டுப் பெறுவது. தராவிடில் தட்டிக் கேட்பது. உதவி, உள்ளவர் இரங்கி இடுவது. இடாவிடில் ஏமாந்து திரும்புவது. ஊதியம் பெறுவோர் நிமிர்ந்து நிற்பர். உதவி பெறுவோர் குனிந்து நிற்பர். நாற்பது ஆண்டுகள் உழைத்த இருவரில் ஒருவரை நிமிர வைத்து, மற்றவரைக் குனிய வைக்கும் நியாயம் எது? அந்த நியாயத்தைப் பகுத்தறிவின் முன் நிறுத்தி வினவுவதே இங்கு நம் நோக்கம்.

இந்த வேற்றுமை நேற்று முளைத்ததன்று. பாகூர் மண்ணே அதற்குச் சான்று வைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் ஆட்சியில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று அவ்வூர்களின் பெயர்களையும் சொல்லுகிறது. கற்றோர் கவலையின்றிக் கற்கவும் கற்பிக்கவும் அவ்வூர்களின் வருவாய் பயன்பட்டது. கல்விக்குப் பொருள் ஒதுக்கியதை நாம் குறை கூறோம். ஆனால் கொடுத்தவன் குலப்பெருமையை வடமொழிச் செய்யுளில் விரித்துப் பாடும் அந்தச் செப்பேடு, கொடுப்பதற்கு உரிய நெல்லை விளைவித்தவர் கிழப்பருவத்தில் எதை உண்டார் என்று பாடவில்லை. செம்பில் இடம் கிடைத்தது கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும். சேற்றில் நின்றவர்க்குச் சேறுதான் கிடைத்தது.

மன்னராட்சியில் அது வியப்பன்று. அங்கே பணியாளன் பெறுவது மன்னனின் ஈகை. மகிழ்ந்தால் மானியம், சினந்தால் சிறை. கேட்க உரிமை இல்லை. வாழ்த்த வாய் உண்டு.

மன்னர் மறைந்தனர், பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆணையால் கொம்யூன்கள் தோன்றின; வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் இரண்டு. அந்த ஆட்சியில் அலுவலகம் ஏறியோரும் உண்டு. துப்பாக்கி தூக்கி இந்தோசீனம் வரை சென்றோரும் உண்டு. ஊரார் 'சொல்தா' என்றழைத்த அந்தப் படைவீரர்கள் வீடு திரும்பியபின் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெற்றனர். கடல் கடந்து செய்த பணிக்கும் கணக்கு இருந்தது. வாய்க்கால் கடந்து செய்த பணிக்குத்தான் கணக்கில்லை.

பின்னர் விடுதலை வந்தது. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தை ஆக்கியோர் ஒன்றில் மிகக் கவனமாயிருந்தனர். பிரான்சின் நேரடிப் பணிப்பிரிவினர் நீங்கலாக, இங்குள்ள அரசு ஊழியரை இந்திய அரசு ஏற்கும். அவர்கள் ஏற்கெனவே பெற்றிருந்த ஊதியம், விடுப்பு, ஓய்வூதிய நிலைகள் காக்கப்படும் என்று எழுதினர். நல்லது. கொடி மாறினாலும் கொடுத்த சொல் மாறலாகாது என்ற அறம் அதில் இருக்கிறது. அதே கீழூர் வயலில் அன்று நாற்று நட்டுக்கொண்டிருந்தவளின் முதுமைக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. இரு அரசுகளும் அவளை வஞ்சித்தன என்று நாம் சொல்லவில்லை. அவள் எவருடைய ஏட்டிலும் இல்லை என்பதைத்தான் சொல்லுகிறோம். ஏட்டில் இல்லாதவளை ஒப்பந்தம் எப்படிக் காணும்?

விடுதலை பெற்ற நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வூதியமேனும் உடனே உரிமையாயிற்றா? இல்லை. அரசு மனமுவந்து தரும் வெகுமதி என்ற பழைய எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. 1971இல் பீகாரைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணையைப் பொறுத்ததன்று, அது உரிமை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. அடுத்து வந்தது நகாரா வழக்கு. 1979 மார்ச் 31 முதல் ஓய்வு பெறுவோர்க்கு மட்டும் நடுவணரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. ஒரு நாள் முன்னே ஓய்வு பெற்றவர்க்குப் பழைய கணக்கு. ஒரு நாள் பின்னே ஓய்வு பெற்றவர்க்குப் புதிய கணக்கு! பாதுகாப்புத் துறையில் பணியாற்றி 1972இல் ஓய்வு பெற்றிருந்த நகாராவும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். 1982 டிசம்பர் 17இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் ஈகையன்று, செய்து முடித்த பணிக்கு உரியது, தளர்ந்த காலத்தில் தன்மானத்தோடு வாழ வழி செய்யும் சமூக நீதி ஏற்பாடு, ஒரே வகையினரை ஒரு தேதியைக் கோடாகப் போட்டுப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். அந்த டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

தேதியால் பிரித்தது இங்கே. நாட்டால் பிரித்தது பிரான்சு. தன் கொடியின் கீழ்ப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் நாடுகள் விடுதலை பெற்றபோது, 1959 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் அவர்தம் ஓய்வூதியத்தை உயராமல் உறையவைத்தது. ஒரே போர், ஒரே குண்டு, ஓய்வூதியம் மட்டும் வேறு. செனகல் நாட்டுப் படைவீரர் அமதூ தியோப் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 30இல், அது வேற்றுமை பாராட்டும் செயல் என்று பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

தோழர்களே! இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடியில் இருக்கும் தத்துவம் ஒன்றே. ஓய்வூதியம் என்பது உழைத்த நாளில் முழுதும் தரப்படாமல் ஒத்திவைக்கப்பட்ட கூலி. உழைக்க முடியாத நாளில் அதைத் திருப்பித் தருவது கடன். கடனைத் தீர்ப்பவன் வள்ளலாகான். கடனைப் பெறுபவன் இரவலனாகான்.

இந்தத் தத்துவத்தை ஏற்றால், அது அலுவலக வாயிலில் நின்றுவிடுமா? நிற்காது. நிற்கக் கூடாது.

பங்காரு வாய்க்காலில் வந்து பாகூர் ஏரியில் தேங்கும் நீர், வயலுக்குப் பாய்ந்தால் மட்டும் நெல்லாகிவிடாது. குனிந்த முதுகுகள் வேண்டும். அந்த முதுகுகளுக்குக் காலங்காலமாகக் கிடைத்த கூலி என்ன? அன்றைய உலைக்குப் போதியது. முதுமைக்கு மீதி வைக்கப் போதாதது. அந்தக் கூலி குறைந்ததால் நெல்லின் அடக்கச் செலவு குறைந்தது. செலவு குறைந்ததால் அரிசி மலிந்தது. மலிந்த அரிசியை உண்டவர் யார்? எழுத்தர் உண்டார், ஆசிரியர் உண்டார், அமைச்சர் உண்டார், நாம் எல்லோரும் உண்டோம். ஆக, அவளுக்குரிய ஊதியத்தில் ஒரு பகுதியை நாள்தோறும் பிடித்தம் செய்து ஊர் முழுதும் உண்டு பசியாறியிருக்கிறது. அலுவலகத்தில் பிடித்தம் செய்தால் கணக்கேடு உண்டு. வயலில் பிடித்தம் செய்ததற்குக் கணக்கேடு இல்லை. கணக்கேடு இல்லை என்பதனால் கடனும் இல்லை என்றாகிவிடுமா? பிடித்ததைத் திருப்பித் தருவதற்கு உதவி என்று பெயர் சூட்டுவது, கடன்காரன் கடன் கொடுத்தவனைப் பார்த்து, 'பாவம், ஏதோ உதவி செய்கிறேன்' என்று சொல்வதை ஒக்கும்.

இனித் தொகையைப் பார்ப்போம். 1995 ஆகஸ்டு 15இல் நடுவணரசு முதியோர்க்கு மாதம் 75 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2006இல் அது 200 ரூபாயாயிற்று. 2011இல் வயது வரம்பு 60 ஆகக் குறைந்தது. 80 கடந்தவர்க்கு 500 ரூபாய் என்றாயிற்று. அதன்பின் ஆட்சிகள் வந்தன, போயின. விலைவாசி இரு மடங்குக்கும் மேல் ஏறிற்று. 60 முதல் 79 வயதினர்க்கு நடுவணரசு தரும் பங்கு மட்டும் அந்த 200லேயே கல்லாய் நின்றது. புதுவை அரசும் தமிழக அரசும் தத்தம் நிதியைச் சேர்த்துத் தொகையை உயர்த்தித் தருவதால்தான் அது கையில் ஏந்தும் அளவுக்காவது இருக்கிறது.

அரசு ஊழியர் நிலை வேறு. 2016 சனவரி முதல் நடுவணரசு ஓய்வூதியத்தின் குறைந்த அளவே 9,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல், விலைவாசி ஏறினால் ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் சூலையிலும், அகவிலை நிவாரணம் சேர்கிறது. இது தவறன்று, மிகச் சரியானது. விலை ஏறும்போது தொகையும் ஏறாவிட்டால், கையில் கொடுத்ததைக் கடைத்தெருவில் பறித்துக்கொள்வதாகும். நாம் கேட்பது இவ்வளவே: எழுத்தர் உண்ணும் அரிசிக்கு விலை ஏறும்போது, அந்த அரிசியை விளைத்தவள் உண்ணும் அரிசிக்கு விலை ஏறாதா? ஒருவர் பசிக்கு அட்டவணை உண்டு. மற்றவர் பசிக்கு அட்டவணை இல்லை என்பது எந்தக் கணக்கு?

இவ்விருவர்க்கும் இடையே நிற்பவர் ஆலைத் தொழிலாளர். 1936 சூலை 30ஆம் நாள் 12 தோழர்களைக் குண்டுக்குப் பலி கொடுத்து, எட்டு மணி நேர வேலை உரிமைக்கு வழி திறந்தவர்கள் புதுவை ஆலைத் தொழிலாளர்கள். அந்த எட்டு மணி நேரத்தை எந்தத் துரையும் தானமாகத் தரவில்லை. தனியார் தொழிலாளர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. அதன் குறைந்த அளவு 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. 9,000, 1,000, 200. இதுவோ சமதர்மத்தின் ஏணி? படிகள் மூன்று, மூன்றிலும் நிற்பவர்க்கு வயிறு ஒன்றே.

இங்கே சிலர் குறுக்கிடுவர். அவர்கள் சொல்வதையும் பொறுமையுடன் கேட்போம்.

'அரசு ஊழியர்க்கும் அரசுக்கும் ஒப்பந்தம் உண்டு. அவர் தேர்வெழுதிச் சேர்ந்தவர். வேறு வாணிகம் செய்யாமல் கட்டுப்பட்டு நின்றவர். வயற்கூலிக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் ஏது?' என்பர் முதல்வகையினர். இது நேர்மையான வாதம். விடையும் நேர்மையாகத் தருவோம். ஒப்பந்தம் உண்டு, அதற்கு அரசியலமைப்புச் சட்டம் என்று பெயர். அதன் 41ஆம் பிரிவு, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, முதுமையிலும் நோயிலும் மக்களுக்கு உதவ ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு, அதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது என்கிறது. ஊழியரின் உரிமைக்கு நீதிமன்றத்தின் கதவு; உழவுத் தொழிலாளியின் உரிமைக்கு அறிவுரையின் அலமாரி! மேலும், வரி செலுத்துவோர் அலுவலகத்தார் மட்டுமல்லர். சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் அந்த மூதாட்டியும் வரி செலுத்துகிறாள். வாங்குவோர் ஏழையா என்று வரி கேட்பதில்லை. வாங்கும்போது கேட்காத வறுமைச் சான்றைக் கொடுக்கும்போது மட்டும் கேட்கிறார்கள்.

'பெற்ற பிள்ளைகள் காப்பாற்றட்டும்' என்பர் இரண்டாம் வகையினர். பெற்றோரைப் பேணாத பிள்ளையை நாமும் போற்றவில்லை. 2007இல் அதற்கெனச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் ஓய்வு பெறும் அதிகாரியைப் பார்த்து, 'உமக்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்களே, ஓய்வூதியம் எதற்கு?' என்று எந்த அரசேனும் கேட்டதுண்டா? அவரிடம் கேட்காத கேள்வியை இவரிடம் கேட்பானேன்?

'அவரவர் தலையெழுத்து' என்பர் மூன்றாம் வகையினர். இவர்களுக்கு நம் ஏட்டைப் படிப்போர் நெடுநாளாக விடை சொல்லி வருகின்றனர். தலையில் எழுதியவனை எவரும் கண்டதில்லை. 200 ரூபாய் என்று தாளில் எழுதிய துறைக்கு மட்டும் முகவரி இருக்கிறது.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பர் நான்காம் வகையினர். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கருவூலம் அட்சய பாத்திரமன்று. அந்தப் பாத்திரக் கதையில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் பிறர் செய்து காட்டியதைப் பார்க்கலாம். 1889இல் செருமனியில் பிசுமார்க்கு முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோதும், 1908இல் பிரிட்டன் 70 வயதானவர்க்கு வாரம் ஐந்து சில்லிங்கு தரச் சட்டம் செய்தபோதும், இதே கேள்வி எழுந்தது. செல்வ நாடுகளை விடுவோம். பிரேசில் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1988இல் இயற்றிய அரசியலமைப்பால் அது, ஓய்வூதியம் எதுவும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகலாகாது என்று விதித்தது. உழவுத் தொழிலாளரையும் அந்த விதிக்குள் கொண்டுவந்தது. தவணை கட்டிய சீட்டைக் கேட்கவில்லை. நிலத்தில் உழைத்ததற்குச் சான்று போதும் என்றது. நம்மினும் வறிய நேபாளம், 1995இலேயே, வறுமைச் சான்று கேளாமல் 75 வயது கடந்தவர்க்கெல்லாம் மாதந்தோறும் தொகை தரத் தொடங்கிப் பின்னர் வயதைக் குறைத்துத் தொகையை உயர்த்தியும் வந்தது. ஒரே நாளில் 200ஐ 9,000 ஆக்கு என்று நாம் ஆர்ப்பரிக்கவில்லை. 200க்கும் விலைவாசிக்கும் ஒரு கயிறு கட்டு. அந்தக் கயிற்றைச் சட்டத்தில் முடிச்சிடு என்கிறோம். பணம் சிறிது சிறிதாக வரலாம். உரிமை என்ற ஒப்புதல் உடனே வரலாம். அதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு கையொப்பமும்.

உரிமைக்கும் ஈகைக்கும் உள்ள வேற்றுமை, தொகையில் மட்டுமன்று, குறை சொல்லும் முறையிலும் தெரியும். நடுவணரசில் பணியாளர், மக்கள் குறைகள், ஓய்வூதியம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஓர் அமைச்சகம் 1985 முதல் இருக்கிறது. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது பொருத்தமே. பணியாளர் ஒழுங்காயிருந்தால் குறைகள் குறையும். இன்று குறை கேட்கும் பணியாளரே நாளை ஓய்வூதியராய்க் குறை சொல்ல வருவார். 2007இல் குறைகளைப் பதிந்து கண்காணிக்கும் கணினி முறை ஒன்று வந்தது. 2024 ஆகஸ்டில், 21 நாளில் குறையைத் தீர்க்கவேண்டும் என்று காலவரம்பும் சுருக்கப்பட்டது. ஓய்வூதியர்க்கெனத் தனி மன்றங்கள் 2017 முதல் கூட்டப்படுகின்றன. இவை நல்லனவே. ஆனால் கேட்போம்: குறை 'முடித்துவைக்கப்பட்டது' என்று எழுதுவதும் குறை தீர்ந்தது என்பதும் ஒன்றா? உரிமையாயின், மறுத்தவர் காரணம் எழுத்தில் தரவேண்டும். மேல்முறையீட்டுக்கு இடம் வேண்டும். தாமதத்துக்கு வட்டி வேண்டும். ஈகையாயின், 'நிதி வந்ததும் பார்க்கலாம்' என்ற ஒரு வாக்கியம் போதும். முதியோர் உதவித்தொகை கேட்டுப் போனவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் மனப்பாடம்.

ஆண்டுதோறும் நவம்பரில் ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கவேண்டும். வாழ்நாள் சான்று கேட்பது தவறென்று நாம் சொல்லோம்; இறந்தவர் பெயரில் எவரோ வாங்கித் தின்பதைத் தடுக்க அது வேண்டும். 2014 நவம்பரில் கைரேகை வழியும், 2021இல் முகம் காட்டும் வழியும் வந்தன. அஞ்சல்காரர் கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து பதிவதும் உண்டு. ஆயினும் சேற்றிலும் அரிவாளிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? உழைத்ததனாலேயே அழிந்த ரேகையைக் காட்டி, 'நீ உழைத்தவள்தானா, உயிரோடிருக்கிறாயா' என்று பொறி கேட்கிறதே! 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தோரின் வாக்கைப் பெற, பெட்டியோடும் காவலரோடும் அதிகாரிகள் வீடு தேடி வந்தனர். வரவேண்டியதுதான். வில்லியனூர்த் தேரின் வடம் பிடிக்க ஆளுநர் வரும் வழக்கம் பிரெஞ்சுக் காலத்திலிருந்தே தொடர்கிறது. தேருக்கு வரும் அரசு, தேர்தலுக்கு வரும் அரசு, கட்டணம் கேளாமல் தெருக்கோடியில் இருக்கும் மூதாட்டியிடம் வர வழி அறியாதா? உயிரோடிருக்கிறாரா என்று அறியும் பொறுப்பு கடன்பட்டவருடையது.

இனி, நம் தோழர்களில் அரசுப் பணியில் இருப்போரிடமும், அப்பணிக்குத் தேர்வெழுதக் காத்திருப்போரிடமும் ஒன்று சொல்லவேண்டும். நாமும் அரசு ஊதியம் பெறும் ஆசிரியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. அந்த உரிமையில் இதைச் சொல்லுகிறோம்.

2004 சனவரி 1 முதல் நடுவணரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, படைத்துறை நீங்கலாக, உறுதியான ஓய்வூதியம் நீக்கப்பட்டது. சந்தையின் ஏற்றத்தாழ்வை நம்பும் பங்களிப்புத் திட்டம் வந்தது. தமிழகம் 2003 ஏப்ரல் 1 முதலே அவ்வழி சென்றது. அந்த 2003 சூலையில், பறிக்கப்பட்ட சலுகைகளை மீட்கத் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலை நிறுத்தம் செய்தனர்; ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அன்று ஊர்த் திண்ணைகளில் எழுந்த பேச்சைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'அவர்களுக்கென்ன குறை? நன்றாய் வேண்டும்!' அந்தக் கடுஞ்சொல்லுக்குப் பொறாமை மட்டும் காரணமன்று. தமக்கில்லாத ஒன்றை உரிமை என்று மக்கள் எப்படி உணர்வர்? பலருக்கு இல்லாமல் சிலருக்கு மட்டும் இருப்பதற்குச் சலுகை என்று பெயர். சலுகையைப் பறித்தால் ஊர் அழாது.

அதன் விளைவைப் பின்னரும் கண்டோம். 2025 மார்ச்சில், நிதிச் சட்டத்தோடு சேர்த்து, ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியரை வேறுபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று சட்டம் இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டு வரை பின்னோக்கி அது செல்லும் என்றனர். எவருடைய ஓய்வூதியமும் குறையாது என்றது அரசு. நகாரா தீர்ப்பின் வேரை அசைக்கிறார்கள் என்றன ஓய்வூதியர் சங்கங்கள். 42 ஆண்டுகள் நின்ற ஒரு கொள்கையைப் பற்றிய சட்டம் நிறைவேறிய நாளில் நாடு திரண்டு பேசியதா? இல்லை. அந்தக் கொள்கையின் நிழலில் நாட்டில் மிகச் சிலரே நின்றனர். அடுத்த மாதமே, 2025 ஏப்ரல் 1 முதல், 25 ஆண்டுப் பணிக்கு இறுதி ஓராண்டு அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி என்று உறுதி கூறும் திட்டம் ஒன்றை நடுவணரசே தொடங்கியது. சந்தை மட்டும் முதுமைக்குத் துணையாகாது என்பதை இதைவிட வெளிப்படையாக எவர் ஒப்புக்கொள்வார்?

ஆகவே, ஊழியர் உரிமை நிலைக்கவேண்டுமானால் உழவுத் தொழிலாளியின் உரிமை பிறக்கவேண்டும். இது தியாகப் பேச்சன்று; கணக்குப் பேச்சு. எல்லோர்க்கும் உள்ளதை எவரும் எளிதில் பறிக்க முடியாது.

நம் இயக்கத்தின் வரலாறு இந்தப் படியில் ஏறித்தான் ஆகவேண்டும். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. பின்னர் அமைச்சர் முத்தையா அதற்குச் செயல்வடிவம் தந்தார். அந்த உரிமைக்கு ஆபத்து வந்தபோது பெரியார் கிளர்ந்தெழுந்தார், 1951இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. நாற்காலியில் எவர் அமர்வது என்ற கேள்வியை நம் முன்னோர் எழுப்பினர், வென்றனர். அந்த நாற்காலியின் முன் நிற்பவர் எப்படி நிற்பது என்ற கேள்வி நம்முடையது. நம்மவர் நாற்காலியில் அமர்ந்தபின்னும் நம் பாட்டி கைகட்டி நின்றால், மாறியது நாற்காலியில் இருந்தவரின் பெயர் மட்டுமே.

புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் 37 ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராய் இருந்து 1946இல் ஓய்வு பெற்றவர். அவ்வாண்டிலேயே தமிழ் மக்கள் 25,000 ரூபாய் திரட்டி அவருக்குப் பொற்கிழி அளித்தனர். அறிஞர் அண்ணா அதற்கு முன்னின்றார். அது நன்றியின் திருவிழா. ஆனால் ஊருக்கு ஊர் உழைத்து ஓயும் ஒவ்வொருவருக்கும் பொற்கிழி திரட்ட எவராலும் ஆகாது. பொற்கிழி கொடுக்க முடியாத கோடிப் பேர்க்கும் நன்றி செலுத்த மனிதகுலம் கண்ட வழிக்குத்தான் ஓய்வூதியம் என்று பெயர்.

செய்யவேண்டியது என்ன? பெரிய மேடை வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் நாலு இளைஞர் போதும். முதியோரின் விண்ணப்பத்தை எழுதிக்கொடுங்கள். 'தாழ்மையுடன்', 'கருணை கூர்ந்து' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'எனக்குரிய தொகையை வழங்குக' என்று எழுதுங்கள். தாளைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. ரேகை விழாத விரலோடு திரும்பியவரை அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள். ஊழியர் சங்கத்தில் இருப்போர், தம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியிலேயே உழவுத் தொழிலாளியின் ஓய்வூதியத்தை எழுதுங்கள். அப்படி எழுதிய பட்டியலை ஊர்த் திண்ணை எள்ளாது.

நாற்று நட்டவள் நம்மிடம் அருளைக் கேட்கவில்லை. பாக்கியைக் கேட்கிறாள். அதை எண்ணிக் கொடுப்போம். கொடுக்கும்போது நாமும் நிமிர்ந்து நிற்கலாம், அவளும் நிமிர்ந்து நிற்பாள்.